பச்சைத் துணி கட்டிய மூட்டை

"பட்டையை இழு" என்றார் என் கணவர், வாய் நிறைய ஆணியோடு.

இழுத்தேன்.

"இதுக்குப் பேரு இழுக்கறதா? தடவிக் கொடுக்கற மாதிரி இருக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தேன். நாற்காலியின் அடிச்சட்டத்தில் பட்டை விண்ணென்று நின்றது. அவர் ஓர் ஆணியை நாக்கால் உதட்டு நுனிக்குத் தள்ளி, காந்தச் சுத்தியின் முகத்தில் ஒட்டவைத்து, ஒரே தட்டில் இறக்கினார்.

"ம். இப்பத்தான் சம்பளம் வாங்கற ஆள் மாதிரி இழுக்கறே."

"சம்பளமா? அது எப்பக் கொடுத்தீங்க?"

அவர் சிரித்தார். வாயில் ஆணி இருக்கும்போது அவர் சிரிப்பு மூக்கு வழியாகத்தான் வரும்.

எங்கள் இருவருக்கும் இடையில் நடந்த கடைசிச் சாதாரண விஷயம் அதுதான். பட்டை, சுத்தி, சம்பளம். அதற்குப் பிறகு அன்று பேசிய எதுவும் அந்த மாதிரிப் பேச்சாக இல்லை.

சோபா ரிப்பேர் செய்கிறவர்கள் ஆணியை வாயில்தான் வைத்துக்கொள்வார்கள். ஒரு கையில் பட்டை, இன்னொரு கையில் சுத்தி. மூன்றாவது கை கேட்டிருந்தேன், ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பார். ஆணியோடு அவர் பேசுவது வெளியாட்களுக்குப் புரியாது. எனக்குப் புரியும், அவர் தங்கைக்குப் புரியும்.

என் நாத்தனாரைக் கடுகு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஆள் அவ்வளவுதான் இருப்பாள். வெடிப்பதும் அப்படித்தான். கடையில் சோபாவைப் பிரித்துப் பஞ்சை எடுப்பது அவள் வேலை, தைப்பது என் வேலை, மற்றதெல்லாம் அவர் வேலை. ஊருக்கு அவர் மாஸ்டர்.

அந்த வாரம் முழுக்க கடுகு எங்களோடு சரியாகப் பேசவில்லை. காரணம், பணம்.

மொட்டை மாடியில் பழைய பஞ்சைப் பிரித்து வெயிலில் உதறியபோது, ஒரு மூட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் சுருட்டிய பணம் விழுந்தது. தடிமனான சுருள். மூவரும் அதைச் சுற்றி நின்றோம். ஏதோ மாடியில் பாம்பு வந்துவிட்ட மாதிரி.

"எண்ணாதே" என்றார் அவர். "எண்ணினா ஆசை வரும்."

"எண்ணாமக் கொடுத்தா, எவ்வளவு கொடுத்தோம்னு சொல்லிப் பெருமைகூட அடிச்சுக்க முடியாதே அண்ணா" என்றாள் கடுகு.

யாருடைய பணம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பிரித்த பஞ்சை மூட்டையாகக் கட்டும்போது, அந்தச் சோபாவின் பழைய துணியிலிருந்தே ஒரு கீற்றைக் கிழித்து மூட்டையின் வாயைக் கட்டுவோம். பெயர் எழுதி ஒட்டினால் வெயிலில் உதிர்ந்துவிடும். துணி உதிராது. பணம் விழுந்த மூட்டையில் பச்சைத் துணி கட்டியிருந்தது. பச்சைத் துணி போட்ட சோபா டீச்சரம்மாவுடையது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகு தனியாக இருந்தார்.

கொடுப்பதற்கு முன் எவ்வளவு என்று அவரிடமே கேட்கச் சொன்னாள் கடுகு. சரியாகச் சொன்னால் அவருடையது, இல்லாவிட்டால் யோசிப்போம் என்றாள். என் கணவர் ஒப்பவில்லை. புருஷனை இழந்த மனுஷியிடம் போய் நிரூபி என்று கேட்பதா என்றார். நானும் அவரும் குளித்து, நல்ல துணி உடுத்திக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். டீச்சரம்மா உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். "அவர்தான் வச்சிருப்பார்" என்றார். திரும்பி வரும்போது என் கணவர் பஸ்ஸில் வழியெல்லாம் ஒரு பழைய பாட்டை முனகிக்கொண்டு வந்தார்.

அந்தப் பாட்டின் ஈரம் இன்னும் காயாத நாளில்தான் அந்த மனிதர் கடைக்கு வந்தார்.

நடுத்தர வயது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

எங்கள் கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. தரையெல்லாம் ஆணி. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் நடந்து நடுவுக்கு வந்துவிட்டார். கீழே பார்க்கவே இல்லை. ஓர் ஆணியும் அவர் காலில் ஏறவில்லை.

"மாஸ்டர் நீங்கதானே?"

என் கணவர் தலையாட்டினார்.

"லாட்ஜிலேர்ந்து வர்றேன். வரவேற்பறையில கிடந்த நீளச் சோபா உங்ககிட்ட வந்துதே. பிரவுன் ரெக்ஸின் போட்டது."

"முடிச்சு அனுப்பிட்டோமே" என்றேன் நான். "ஏதாவது குறையா?"

"குறையே இல்லைம்மா. உக்காந்தா எழுந்திருக்க மனசு வரலை." சிரித்தார். நல்ல சிரிப்புதான். "ஆனா அதை உங்களுக்கு அனுப்பியிருக்கவே கூடாது. நான் ஊர்ல இல்லாத நேரம், புது ஆள் ஒருத்தன் இடத்தை அழகு பண்றேன்னு தூக்கி அனுப்பிட்டான். இப்ப அவன் எங்ககிட்ட இல்லை."

பேசிக்கொண்டே மேஜையில் தாறுமாறாகக் கிடந்த கத்தரிக்கோல்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நேர்ப்படுத்தினார். சின்னதிலிருந்து பெரியது வரை.

"உள்ள ஏதாவது இருந்துதாம்மா?"

"எதுவும் இல்லீங்களே" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. தூசி பறந்து வரும்போது இமை தானாக மூடுகிறதே, அப்படி வந்தது அந்தச் சொல். மாடிப்படியின் கடைசிப் படியில் கடுகு நின்றிருந்தாள், தலையெல்லாம் பஞ்சு. அவள் என்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாக மரியாதை தெரிந்தது.

என் கணவரின் வாயில் ஆணி இருந்தது. அந்த ஆணிகள் இருக்கும்வரை அவர் என்ன சொன்னாலும் வந்தவருக்குப் புரியாது. எனக்கு அது ஒரு தெம்பாக இருந்தது.

அவர் சுத்தியைக் கீழே வைத்தார். இடது உள்ளங்கையை மோவாய்க்குக் கீழே பிடித்து, ஆணிகளை ஒவ்வொன்றாக உதிர்த்தார். அவசரமே இல்லை. கடைசி ஆணியும் விழுந்த பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"பணம் ஒண்ணு கிடைச்சுதுங்க. ஆனா அது உங்க சோபாவிலேர்ந்து இல்லை. வேற ஒருத்தரோடது. அவங்ககிட்ட கொடுத்துட்டோம்."

வந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. வகுப்பில் தப்பாகச் சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.  தையல் மெஷினின் மிதியில் இருந்த என் கால் அழுந்தி, மெஷின் தானாக இரண்டு தையல் ஓடி நின்றது.

"வேற ஒருத்தரோடதுன்னு எப்படித் தெரியும் மாஸ்டர்?"

அவர் துணிக் கீற்று வழக்கத்தைச் சொன்னார். ஒரு தொழிலாளி இன்னொருவருக்கு விளக்குகிற உற்சாகத்தோடு சொன்னார். அவர் சுபாவம் அப்படி.

"நல்ல ஏற்பாடு" என்றார் வந்தவர். "என்ன நிறத் துணி?"

"பச்சை."

"எங்க சோபாவில ரெக்ஸினுக்கு அடியில ஒரு பழைய துணி இருந்துதே. உரிக்காம அதுக்கு மேலேயே ரெக்ஸின் அடிச்சது. அது என்ன நிறம்?"



என் கணவர் மெதுவாகத் திரும்பித் தங்கையைப் பார்த்தார். கடுகின் வாய் கோணியது. அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

"அதுவும் பச்சைதான் அண்ணா. ஆனா வெளுத்த பச்சை. ரெக்ஸின் கையால கிழியலை. கத்தரியைக் காணோம். உள்ள இருந்த துணி இழுத்ததும் வந்துது. கட்டிட்டேன்."

ஒரு கத்தரி. அதை யார் எங்கே வைத்தோமோ.

என் கணவரின் முகம் வாடியது. பயத்தால் அல்ல. தைத்ததைப் பிரிக்கவேண்டி வரும்போது அவர் முகம் அப்படித்தான் ஆகும்.

"அப்ப அது உங்களோடதுதாங்க" என்றார். "தப்பு எங்களோடது. நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வர்றேன்."

"எவ்வளவு இருந்துது?"

"எண்ணலீங்க."

அந்த மனிதர் முதல்முறையாகச் சிரிப்பதை நிறுத்தினார்.

"எண்ணலையா?"

"எண்ணலை."

"மாஸ்டர், நான் இந்தத் தொழில்ல எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன்" என்றார். என்ன தொழில் என்று அவர் சொல்லவில்லை. "எடுத்தவன் எண்ணுவான். திருப்பிக் கொடுக்கறவன் ரெண்டு தடவை எண்ணுவான். எண்ணாதவன்னு ஒருத்தனைப் பாத்ததில்லை."

எங்கள் நேர்மைக்கு வேறு சாட்சி ஏதும் இல்லை. அந்த ஒரு பதில்தான் இருந்தது. அதுவே எங்களைத் திருடர்கள் மாதிரிக் காட்டியது.

"யாருகிட்ட கொடுத்தீங்க?"

"அதைச் சொல்ல முடியாதுங்க. வயசானவங்க. நீங்க போய் நின்னா பயந்துடுவாங்க. நானே போறேன்."

"வயசானவங்க" என்று அவர் திருப்பிச் சொன்னார், ஒரு பொருளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்வதுபோல. "சரி. முதல்ல நீங்க என்னோட வந்து இதையே எங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டார்."

"சட்டையை மாத்திட்டு வந்துடறேன்."

"அப்படியே வாங்க. நல்லாத்தான் இருக்கீங்க."

என் கணவர் என்னிடம் வந்தார். உள்ளங்கையில் இருந்த ஆணிகளை என் கையில் கொட்டினார். ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தன.

"மத்தியானம் அந்த டெலிவரி இருக்கே" என்றார். "நான் வர லேட்டானா நீயே போய்ப் பாத்துட்டு வந்துடு."

அன்றைக்கு எங்களுக்கு எந்த டெலிவரியும் இல்லை.

"சரிங்க" என்றேன்.

வாசலில் வந்தவர் செருப்பை மாட்டிக்கொள்ளும்வரை என் கணவர் காத்து நின்றார், விருந்தாளியை வழியனுப்புகிறவர்போல. பின்னந்தலையில் ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டியிருந்தது. எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் வாசலில் நின்ற காரின் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

"போலீசுக்குப் போலாம் அண்ணி" என்றாள் கடுகு.

"போய்?"

"நடந்ததைச் சொல்லலாம்."

"அவங்களும் அதே கேள்வியைத்தான் கேப்பாங்க. எவ்வளவுன்னு. என்ன சொல்லுவே?"

அவள் தரையில் உட்கார்ந்து, கீழே கிடந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். எதையாவது செய்யாவிட்டால் அவளால் மூச்சு விடமுடியாது என்பது தெரிந்தது. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

டீச்சரம்மாவின் வீடு மூன்றாவது மாடியில். படியேறும்போதே சுவரைத் துளைக்கிற சத்தம் கேட்டது. யார் வீட்டிலோ வேலை நடக்கிறது என்று நினைத்தேன். கதவு திறந்திருந்தது. வேலை அவர் வீட்டில்தான். ஏணி மேல் ஒருவர் நின்று கூடத்துச் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். கீழே அட்டைப்பெட்டியில் புத்தம்புது ஏசி.

நாங்கள் தைத்துக் கொடுத்த சோபாவின்மேல் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது, தூசி படாமல் இருக்க.

"வாம்மா" என்றார் டீச்சரம்மா. அடுத்த நொடியே என் முகத்தைப் பார்த்தார். கணக்கு டீச்சர் இல்லையா. விடையை முதலில் பார்த்துவிட்டார். "உக்காரு. தண்ணி கொண்டு வர்றேன்."

"தண்ணி வேண்டாம் டீச்சர். அந்தப் பணம்..."

துளைக்கிற சத்தம் மறுபடி தொடங்கியது. நான் கத்திப் பேச வேண்டியிருந்தது. ரகசியமாகச் சொல்லவேண்டியதை எல்லாம் கத்திச் சொன்னேன். லாட்ஜ், பச்சைத் துணி, கார். நடுவில் சத்தம் திடீரென்று நின்றது. "அவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்ற வார்த்தைகள் மட்டும் கூடம் முழுக்கத் தனியாக ஒலித்தன.

ஏணி மேல் இருந்தவர் எங்களைப் பார்த்தார். பிறகு பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

டீச்சரம்மா என்னைப் படுக்கையறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அது எங்க வீட்டுக்காரர் பணம் இல்லைன்னு. அவருக்கு ஒரு காசு ஒளிச்சு வைக்கத் தெரியாதும்மா. சம்பளக் கவரைப் பிரிக்காம என் கையில கொடுத்துட்டு, பஸ்ஸுக்கு என்கிட்டயே கேட்டு வாங்கிட்டுப் போற மனுஷன்."

"பின்ன ஏன் டீச்சர் வாங்கினீங்க?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் பரிசு கொடுக்க வந்த மாதிரி நின்னீங்க. உன் புருஷன் முகத்துல அப்படியொரு சந்தோஷம். எங்களோடது இல்லைன்னு சொல்ல முதல்ல நிஜமாவே வாய் வரலை. அப்புறம் நீங்க படி இறங்கினதும் எண்ணிப் பாத்தேன். எண்ணினதுக்கு அப்புறம் கூப்பிட மனசு வரலை."

எண்ணினால் ஆசை வரும் என்று என் கணவர் சொன்னது பொய்யில்லை.

"மீதி இருக்கறதைக் கொடுங்க டீச்சர். உங்க பேரை அவர் சொல்லலை. நான் எடுத்துட்டுப் போய்க் கொடுத்துடறேன்."

"மீதி எங்கம்மா? மகனுக்கு அனுப்பிட்டேன். மூணு வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தான். அனுப்பின அன்னைக்குத்தான் அம்மான்னு நல்லபடியா ரெண்டு வார்த்தை பேசினான்." கூடத்துப் பக்கம் கண்ணைக் காட்டினார். "பாக்கி அதுதான்."

"திருப்பிக் கேளுங்க."

"உனக்கு என் மகனைத் தெரியாது."

நான் அவர் கையைப் பிடித்தேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும். அவர் கை சில்லென்று இருந்தது. நான் பயந்ததைவிட அவர் அதிகமாகப் பயந்திருந்தார். பயம் முற்றும்போது சிலர் உருகுவார்கள். டீச்சரம்மா இறுகினார்.

"யாராவது வந்து கேட்டா, எனக்கு எதுவும் தெரியாதுன்னுதான் சொல்வேன்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "நீங்க கொடுத்ததுக்கு என்ன அத்தாட்சி இருக்கு? யாரு பாத்தா?"

"டீச்சர்."

"என்னைத் திட்டாதேம்மா. தனியா இருக்கேன். ராத்திரி கதவு தட்டினா எழுந்து பாக்கக்கூட ஆள் இல்லை."

நான் கூடத்துக்கு வந்தேன். ஏணியில் இருந்தவர் இறங்கி நின்றிருந்தார்.

"மாட்டட்டுமா, வேண்டாமா மேடம்?" என்று உள்பக்கம் பார்த்துக் கேட்டார். "பெட்டியைப் பிரிச்சாச்சு. இனிமே கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க."

 நான் படியிறங்கிப் பாதி வழி வந்தபோது சுவரைத் துளைக்கிற சத்தம் மீண்டும் தொடங்கியது.

கடைக்குத் திரும்பியபோது தரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஓர் ஆணி இல்லை. கடுகு டப்பா நிறைய ஆணியோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் டப்பாவை மூடினாள்.

"கொடுக்கலையா?"

"இல்லை. இல்லைன்னுட்டாங்க."

"இல்லைன்னா?"

"பணமும் இல்லை. வாங்கினதும் இல்லை."

கடுகு டீச்சரம்மாவைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பத்திரிகையில் போட மாட்டார்கள். ஆனால் அவள் திட்டத் திட்ட எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

வெயில் சாய்ந்து, கடைக்குள் ஃபேனின் நிழல் சுவரில் ஏறியபோது ஃபோன் அடித்தது. திரையில் என் கணவரின் பெயர்.

"எங்க இருக்கீங்க? சாப்பிட்டீங்களா?" என்றேன், எடுத்த உடனே.

"சாப்பிட்டார்மா" என்றது அந்த மனிதரின் குரல். "ரெண்டு தடவை டீ குடிச்சார். எங்க ஆபீஸ் நாற்காலி ஒண்ணு ஆடுதுன்னு அதையும் சரி பண்ணிக் கொடுத்தார். கை சும்மா இருக்காது போல."

ஸ்பீக்கரைப் போட்டேன். கடுகு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவரை அனுப்பிடுங்க" என்றேன். "எங்க கடையை எடுத்துக்குங்க. மெஷின் இருக்கு, சாமான் இருக்கு, எழுதிக் கொடுத்துடறோம்."

"கடையை வச்சு நாங்க என்ன பண்றது? சோபாவா தைக்கறது?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. "பணம் போனாப் போகட்டும். எங்க போச்சுன்னு தெரியாம இருக்கக் கூடாது. எங்க இடத்துல அதுதான் கணக்கு. உங்க வீட்டுக்காரர் சொல்ல மாட்டேங்கறார். நீங்க சொல்லிடுங்க. பேரு, தெரு. அவ்வளவுதான்."

"அவர்கிட்ட பேசணும்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு மூச்சுச் சத்தம். அவர் மூச்சு எனக்குத் தெரியும்.

"போய்ட்டு வந்தியா?" என்றார்.

"வந்தேன்."

"இருக்கா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். இருக்கிறது என்று சொன்னால் அவர் அவர்களிடம் அப்படியே சொல்வார். பிறகு இல்லையென்று ஆகும்போது என்ன நடக்கும்? வாயில் ஆணி இல்லாமல் அவர் பேசுவது அன்றைக்கு எனக்கு ஏனோ அந்நியமாகக் கேட்டது.

"இல்லீங்க."

அவர் பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

"பயந்துட்டாங்களா?" என்றார்.

"யாரு?"

"அவங்க."

"பயந்துட்டாங்க."

"பாவம். நாமதான் வீடு தேடிப் போய் அவங்க மடியில வச்சோம். அவங்களைக் கோவிச்சுக்காதே. நம்ம கடையில அந்த நாற்காலிக்கு இன்னும் ஒரு பட்டை பாக்கி. நீ தொடாதே, தளர்த்தி வச்சிடுவே. நான் வந்து பாத்துக்கறேன்."

நான் அவர் குரலைக் கடைசியாகக் கேட்டது அது.

ஃபோன் கை மாறியது. "சொல்லுங்கம்மா" என்றார் அந்த மனிதர்.

நான் வாயைத் திறந்தேன். பெயர் நாக்கில் இருந்தது. அதைச் சொன்னால் என் புருஷன் வருவார். சொன்னால் அந்தச் செருப்பு டீச்சரம்மாவின் வாசலில் ஜோடியாக நிற்கும். நிற்கட்டும் என்று ஒரு மனசு சொன்னது. எங்களைத் தெரியவே தெரியாது என்றவள்தானே. ஆனால் அதே பெயரைக் காலையிலிருந்து அவர் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் மூடிய கதவை நான் எப்படித் திறப்பது?

"அண்ணி" என்றாள் கடுகு. "சொல்லுங்க."

நான் தலையை ஆட்டினேன்.

"உங்களுக்குப் புருஷன்னா எனக்கு அண்ணன். சொல்லுங்க."

"அவர் சொல்லலையே, கடுகு."

"அவர் சொல்ல மாட்டார். துணியைக் கிழிச்சது என் கை. நான் சொல்றேன்."

என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினாள். நான் எட்டிப் பிடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். பெயர், தெரு, மூன்றாவது மாடி. தடுமாறாமல், தெளிவாக, வீட்டுக்கு வழி சொல்வதுபோல் சொன்னாள்.

"ரொம்ப நன்றிம்மா" என்றது குரல். "அவ்வளவுதான். இதுக்குப் போயா இவ்வளவு நேரம்."

இணைப்பு அறுந்தது. கடுகு ஃபோனை மேஜைமேல் வைத்துவிட்டு, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

நான் டீச்சரம்மாவுக்கு ஃபோன் செய்தேன். அடித்து அடித்து நின்றது. மறுபடி செய்தேன். அந்தத் துளைக்கிற சத்தத்தில் கேட்கவில்லையோ, என் நம்பரைப் பார்த்துத்தான் எடுக்கவில்லையோ. செருப்பை மாட்டினேன்.

"எங்க போறீங்க?"

"அவங்ககிட்ட சொல்லணும். வீட்டைப் பூட்டிட்டு எங்கயாவது போகச் சொல்லணும்."

"அண்ணா வர்ற நேரம் அண்ணி. இப்ப வந்துடுவார். நீங்க இல்லாம..."

"வந்தா முதல்ல இதைத்தான் கேப்பார். அவங்ககிட்ட சொன்னியான்னு."

"அந்தப் பொம்பளை உங்களைத் தெரியாதுன்னா."

"ஆமா" என்றேன். "கடையைச் சாத்தாதே. விளக்கைப் போட்டு வை. நான் போன வேகத்துலயே வந்துடறேன்."

தெருமுனைவரை ஓடினேன். அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும். கார் வருகிறதா என்று ஒரு தரம் பார்த்தேன், பஸ் வருகிறதா என்று ஒரு தரம். எது முதலில் வந்தாலும் அதன்படி செய்வது என்று நினைத்துக்கொண்டேன். எதுவும் வரவில்லை.  பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அந்த பெஞ்சை யார் போட்டார்களோ, சாலையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் வருவது எதுவும் கண்ணில் படாது. சத்தம் முதுகுப் பக்கமிருந்துதான் வரும்.

அவர் திரும்பி வரவேயில்லை, நான் இன்றும் அந்த பெஞ்சில்தான் போய் உட்காருகிறேன். அதை இன்னும் யாரும் திருப்பிப் போடவில்லை.